அண்ணன் கார்டு, தம்பி செலவு: கடன் யாருடையது?

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, விதவைகள் பென்ஷன் மனு பற்றித்தான் பேசுவோம். இன்று எடுத்திருக்கும் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. வீட்டுக்குள்ளேயே ஒருவர், நமக்குத் தெரியாமல் நம் கிரெடிட் கார்டை எடுத்துச் செலவு செய்துவிட்டால் என்ன செய்வது? திருடன் வெளியிலிருந்து வந்தால் ஊரே கூடிவிடும். எடுத்தவர் தம்பியாகவோ, மகனாகவோ, மச்சானாகவோ இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறோம். அந்த அழுகைச் சத்தம் இப்போது நம் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறது. அதனால்தான் பேசுகிறோம்.

ஒரு குடும்பத்தின் அனுமதியோடு அவர்கள் கதையைச் சொல்கிறோம். பேரும் ஊரும் வேண்டாம். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பதினோரு வருடமாக சவூதியில் இருக்கிறார். நம்மில் பலர் செய்வதைத்தான் அவரும் செய்தார். இந்திய சிம் கார்டை ஒரு பழைய போனில் போட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வங்கி ஓ.டி.பி. வந்தால் வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டுமே! கிரெடிட் கார்டும் பீரோவில். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உதவும் என்ற நல்ல எண்ணம். தம்பிக்கு இருபத்திரண்டு வயது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் வேலை. பீரோவில் கார்டு, மேஜையில் சிம். இரண்டும் ஒரே வீட்டில்.

தம்பி ஐம்பத்தாறாயிரத்துக்கு ஒரு போன் வாங்கினான். துணி, ஷூ என்று ஒன்பதாயிரம். பாக்கி பத்தொன்பதாயிரம் ஆன்லைன் விளையாட்டில் போனது. ஆக மொத்தம் 84,000 ரூபாய். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை அவனே அழித்துவிட்டான். "திருடணும்னு எடுக்கல மாமா, அடுத்த மாச சம்பளத்துல போட்டுடலாம்னு நெனச்சேன்" என்று பிறகு எங்களிடம் சொன்னான். அதை நாங்கள் நம்புகிறோம். கெட்ட எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் குறைவு. அடுத்த மாதம் என்ற நினைப்பில்தான் பலரும் விழுகிறார்கள்.

அந்த அடுத்த மாதம் வரவில்லை. கிரெடிட் கார்டில் கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் பெரும்பாலான வங்கிகள் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுகின்றன. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கும் மேல் தாமதக் கட்டணம். நான்கே மாதத்தில் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வசூல்காரர்கள் அண்ணனின் நண்பருக்குப் போன் செய்தபோதுதான் அண்ணனுக்கே விஷயம் தெரிந்தது. போனில் அவர் எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாய், வட்டி வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான் ஊரை விட்டு வந்து ஒழைக்கிறேன். இப்ப என் பேர்லயே வட்டி ஓடுதே!"

அம்மா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதார். "வெளியில தெரிஞ்சா அவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா? அண்ணன் தம்பிக்குள்ள நடந்தது, அப்படியே மூடிடுங்க."

இந்த இடத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் நிர்வாகத்தில் ஒருவர், "யாரோ மோசடி பண்ணிட்டாங்கன்னு வங்கிக்கு எழுதிப் போடுங்க, வங்கியே தள்ளுபடி பண்ணிடும்" என்றார். மற்றவர்கள் மறுக்கவில்லை. அண்ணனும் அப்படியே எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது: ஓ.டி.பி. உங்கள் எண்ணுக்குத்தான் போனது, போன் உங்கள் முகவரியில்தான் ஒப்படைக்கப்பட்டது, ஆகவே புகார் ஏற்கப்படவில்லை. கடன் அப்படியே நின்றது. அதோடு, ஐந்து வேளை தொழுகிற ஒரு மனிதரின் பெயரில் ஒரு பொய்ப் புகாரும் பதிவாகிவிட்டது. அவரை அந்த நிலையில் நிறுத்தியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அதனால் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தோம். அதை உங்கள் முன் வைக்கிறோம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நம் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. வங்கியின் தவறும் இல்லாமல், நம் தவறும் இல்லாமல், வெளியார் ஒருவர் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு நம் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் வரம்புள்ள கார்டுக்கு 25,000. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. பின் நம்பர், ஓ.டி.பி. போன்றவற்றை நாமே பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட முழு நஷ்டமும் நம்முடையது. தெரிவித்த பிறகு நடப்பதற்குத்தான் வங்கி பொறுப்பு. சிம்மையும் கார்டையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். 2013 நவம்பரில், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு சகோதரி தன் ஸ்டேட் வங்கி ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். இயந்திரம் சீட்டைத் துப்பியது, பணத்தைத் தரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. கணவர் எடுக்கப் போனது மனைவியின் பணம், மனைவியின் முழுச் சம்மதத்தோடு. அப்படியிருந்தும் வங்கி, "பின் நம்பரைப் பகிர்ந்தது விதிமீறல்" என்றது. வழக்கு சில வருடம் இழுத்து, 2018 மே மாதம் நுகர்வோர் நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தன்னால் போக முடியாவிட்டால் கணவரிடம் காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்றது.

அன்பானவர்களே, கணவன் மனைவிக்கே இந்த நிலை என்றால், அண்ணன் தம்பிக்கு என்ன சொல்வார்கள்? வங்கியின் கண்ணில் உறவு கிடையாது. கார்டுக்கு உரியவர் ஒருவர்தான். நம் கையை விட்டுக் கார்டு போனால், அதன் கடன் நம் கழுத்தில்.

இனி, எடுத்தவரின் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது? அடுத்தவரின் கடவுச்சொல்லையோ, அவருக்கே உரிய மின்னணு அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 'தம்பி' என்று அதில் விதிவிலக்கு எழுதப்படவில்லை. வாலிபப் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விசாவுக்கும் அரசு வேலைக்கும் காவல்துறைச் சான்று கேட்கிற காலம் இது.

சட்டத்தை விட்டு மார்க்கத்துக்கு வருவோம். "நம்ம வீட்டுக் காசுதானே" என்ற பேச்சுக்கு மார்க்கம் என்ன பதில் சொல்கிறது?

அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில், தந்தை வீட்டிலும் தாய் வீட்டிலும், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமன் வீடுகளிலும் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று அல்லாஹ் இலகுவாக்கியிருக்கிறான். அண்ணன் வீட்டுச் சட்டியைத் திறந்து சோறு போட்டுச் சாப்பிடுங்கள், யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. அதே அல்லாஹ்தான் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தில், ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் உண்ணாதீர்கள், மனமொப்பி நடக்கும் வியாபாரமாக இருக்கட்டும் என்று எச்சரிக்கிறான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எல்லை தெளிவாகிறது. சோற்றுச் சட்டி வேறு, பீரோ வேறு.

திரைக்குப் பின்னால் இருக்கும் சகோதரிகள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "கணவர் வீட்டுச் செலவுக்கே பணம் தராவிட்டால்?" அதற்கும் நம் ஹதீஸ் நூல்களில் பதில் உண்டு. ஹிந்த் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் அபூஸுஃப்யான் செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்டு என்று முறையிட்டார்கள். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. அந்த அனுமதியின் வேலி எது என்று பாருங்கள்: தேவை, நியாயமான அளவு. அரிசிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் உள்ள அனுமதியை வைத்துத் தவணையில் நகை வாங்க முடியாது. அதேபோல, மனைவி அரிசி வாங்கியதற்காகக் 'கார்டைத் திருடினாள்' என்று பஞ்சாயத்துக்கு வரும் கணவன்மார்களும் முதலில் தங்கள் கடமையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்து, "சொந்தத்தில் நடந்தது, மூடிவிடுங்கள்" என்பது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அநியாயம் செய்கிற சகோதரனுக்கும் உதவுங்கள் என்று சொன்ன நபி (ஸல்) அவர்களிடம் தோழர்கள் விளக்கம் கேட்டபோது, அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள். ஊருக்குத் தெரியாமல் வைப்பது ஒன்று, எடுத்தவனையே பொறுப்பிலிருந்து விடுவிப்பது வேறொன்று. முதலாவதைச் செய்யுங்கள். இரண்டாவதைச் செய்தால், இன்று கார்டு எடுத்தவன் நாளை வீட்டுப் பத்திரத்தை எடுப்பான். பொய்ச் சாட்சிக்கும் இடமில்லை. பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்லுங்கள் என்று அந்நிஸா 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

சரி, அப்படி நடந்துவிட்டால் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் வேலை, அந்த நிமிடமே கார்டை முடக்குவது. வங்கிச் செயலியிலோ, கார்டின் பின்புறமுள்ள எண்ணிலோ செய்யலாம். யார் எடுத்தார் என்ற விசாரணையெல்லாம் பிறகு. முடக்கிய பிறகு நடப்பதற்கு நாம் பொறுப்பில்லை என்பதை மறக்காதீர்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எந்தப் பொருள், எந்த முகவரிக்குப் போனது என்று தெரிந்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். வீட்டில் யாரும் செய்யவில்லை, வெளியார் மோசடி என்று உறுதியானால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். அதன் தகவல் எண் 14448.

மூன்றாவது, எடுத்தவர் வீட்டார்தான் என்று தெரிந்தால், வங்கியிடம் பொய் சொல்லாதீர்கள். எடுத்தவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். கல்யாண வீட்டிலோ, பத்துப் பேர் முன்னாலோ வேண்டாம். ஸ்டேட்மென்ட்டை முன்னால் வைத்துக் கேளுங்கள். அவமானப்படுத்தினால் ஓடிவிடுவார், பணமும் ஓடிவிடும்.

நான்காவது, வட்டியை நிறுத்துங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கெடு தவறினால் கடன் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு உங்கள் மகளின் கல்விக்கடன் மனுவில் அது வந்து நிற்கும். கோபத்தில் "நான் கட்ட மாட்டேன், எடுத்தவன் கட்டட்டும்" என்று இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஐந்தாவது, எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொழுகையின் விவரத்துக்குக்கூட அவ்வளவு நீளமான ஒரு வசனம் இல்லை! அண்ணன் தம்பி என்றாலும் தொகை, தவணை, தேதி, இரண்டு சாட்சிகள் என்று எழுதுங்கள். எழுதுவது நம்பிக்கையின்மையால் அல்ல. உறவு நாளைக்கும் நிலைக்க வேண்டும் என்பதால்தான். எழுதிய பின் உண்மையிலேயே கஷ்டப்பட்டால், 280ஆம் வசனப்படி அவகாசம் கொடுங்கள். முடிந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், அது ஸதக்கா.

காவல்துறைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப எடுக்கிறார், மிரட்டுகிறார், உங்கள் பெயரில் கடன் செயலிகளில் கடனே வாங்கிவிட்டார், வயதான தாய் தகப்பனின் பென்ஷனைப் பறிக்கிறார் என்றால் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதியவர்களுக்கு 14567, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. போகத் தயங்கினால் எங்களிடம் வாருங்கள், கூடவே நாங்களும் வருகிறோம்.

வருமுன் காப்பதற்கு மூன்று சொல்கிறோம். வெளிநாடு போகிறவர்கள் கார்டையும் சிம்மையும் ஒரே வீட்டில் விட்டுப் போகாதீர்கள்; ரோமிங் போட்டு சிம்மைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடுத்து, வங்கிச் செயலியில் ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம், தொகை வரம்பும் வைக்கலாம். தட்டிச் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை பின் நம்பரே கேட்காது என்பது நினைவிருக்கட்டும். மூன்றாவது, வீட்டுச் செலவுக்கு நேரான வழியைத் திறந்து வையுங்கள். தனிக் கணக்கில் மாதாமாதம் பணம் போடலாம். யு.பி.ஐ. சர்க்கிள் என்ற வசதியில் வீட்டார் ஒருவரைச் சேர்த்தால் மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 என்ற உச்சவரம்புக்குள் அவரே செலவு செய்யலாம், நமக்கும் தகவல் வரும். வீட்டாருக்குக் கூடுதல் கார்டு வாங்கினால், அதன் கடனும் முதன்மைக் கார்டுக்காரர் தலையில்தான் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

கடைசியாக, எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருக்கலாம். யாரென்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தவ்பா செய்தால் அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் அடியானின் உரிமை அடியானிடம்தான் தீர வேண்டும். மன்னிப்பை அல்லாஹ்விடமும், பணத்தை உரியவரிடமும் கொண்டு போங்கள். கடனோடு மவுத்தான ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழுவித்ததும் நமக்குத் தெரியும். மாட்டிக்கொள்ளும் முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லும் அந்த ஐந்து நிமிடம் கஷ்டம். சொல்லாத ஒவ்வொரு நாளும் அதைவிடக் கஷ்டம்.

அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அண்ணன் வங்கிக்கு உண்மையை எழுதி, புகாரைத் திரும்பப் பெற்றார். நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து 1,02,000 ரூபாயைக் கொடுத்துக் கார்டுக் கணக்கை அன்றே முடித்தோம். தம்பி மாதம் 6,000 வீதம் பதினேழு தவணையில் நிதிக்குத் திருப்ப வேண்டும் என்று எழுதினோம். அண்ணனும் ஹஜ்ரத்தும் சாட்சி. போனை விற்று முதல் தவணைகளைக் கட்டினான். இதுவரை பதினோரு தவணை வந்திருக்கிறது. இரண்டு தவணை தாமதம், ஆனாலும் வந்துவிட்டது.

அண்ணன் ஆறு மாதம் தம்பியோடு பேசவில்லை. அந்த வருத்தத்துக்கு அவருக்கு உரிமை உண்டு, நாங்கள் வற்புறுத்தவில்லை. போன பெருநாளன்று அவரே போன் செய்து, "தவணை கட்டிட்டியா?" என்று கேட்டாராம். சலாம்கூட முழுதாகச் சொல்லவில்லையாம். தம்பி அதை எங்களிடம் வந்து சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்கு அன்றுதான் பெருநாள்.

அந்தப் பதினோரு தவணைப் பணமும் நிதிக்குத் திரும்பி, இப்போது வேறொரு வீட்டின் கடனை அடைக்கப் போயிருக்கிறது. பாக்கி ஆறும் வர துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளை ஹராமிலிருந்து காப்பாயாக. எங்கள் வீடுகளில் அமானத்தை நிலைக்கச் செய்வாயாக. கடனில் தவிப்போருக்கு விடுதலை தருவாயாக. தவறியவர்களுக்கு ஒப்புக்கொள்ளும் தைரியத்தையும், இழந்தவர்களுக்குப் பொறுமையையும் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.